அணைத்தால் கிளம்பாத வண்டி

பனி இன்னும் விலகவில்லை. தண்ணீர் டேங்க் அடியில் மொபெட்டை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெடலை மிதிக்கிறேன். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது. எஞ்சின் ஒருமுறை இருமுகிறது. அணைகிறது. மறுபடி மிதிக்கிறேன். மறுபடி இருமல்.

பக்கத்தில் அப்பா நிற்கிறார். அவர் என்னைப் பார்க்கவில்லை, மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்குப் பின்னால் தெருவில் நாலைந்து பேர் வாசலில் நின்று பல் விளக்குகிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெயின் ரோட்டில் நான் ஏற வேண்டிய கம்பெனி பஸ்ஸின் விளக்கு வந்து நின்றது. ஒரு ஹாரன். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓசூர் பக்கம் போய்விட்டது.

பெட்ரோல் வாசனையும், யாரோ தெளித்த சாணித் தண்ணீர் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

அணைத்தது யார்?

வண்டி தானாக நிற்கவில்லை. நாங்கள்தான் அணைத்தோம்.

எங்கள் காலனி கரடு என்கிற சின்னப் பாறைக் குன்றுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஊருக்குள்தான் வழி. ஊர்த்தெருவின் முதல் வீடு வந்ததும் காலனிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்க வேண்டும். கோயிலைத் தாண்டி, தண்ணீர் டேங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குப் பிறகு ஏறிக்கொள்ளலாம். எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஊரின் பெயரைக் கேட்டு, இந்தத் தொடரை வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து போன் செய்தார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பயம் ஒன்றும் இல்லை. பெயர் போட்டால் இது ஒரு ஊரின் கதை ஆகிவிடும். மற்ற ஊர்கள் நிம்மதியாகத் தூங்கும்.

எங்கள் பக்கம் மூன்று பாஷை புழங்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம். இறங்கு, திகு, இளி. மூன்றிலும் அந்த ஒரு வார்த்தையை நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன்.

அப்பா ராயக்கோட்டையில் ஒரு தபால்காரரிடம் அந்த மொபெட்டை வாங்கினார். பச்சை நிறம். சீட்டு கிழிந்து நார் தெரியும். அதற்கு முன் அவரிடம் சைக்கிள் இருந்தது, அதையும் அந்தத் தெருவில் தள்ளித்தான் போவார். அதற்கும் முன், நான் குழந்தையாக இருந்தபோது, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவிருக்கிறது. இன்னொரு கையில் நான். எது செருப்புக் கை, எது என் கை என்று யோசித்துக்கொண்டே போவேன்.

செருப்பு காலுக்கு ஏறிய கதையை எங்கள் பெரியப்பா சொல்லுவார். அது வேறு சண்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை தேவைப்பட்டது.

சேலத்து வாசகருக்கு

நான் கம்பெனியில் சேர்ந்ததைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டுச் சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவராம். பாயிண்ட் வைத்த எஞ்சினுக்கு உயிர் உண்டு, தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தில் தேய்த்தே அதைச் சரி செய்துகொள்ளலாம், நீங்கள் கம்பெனியில் செய்த எலக்ட்ரானிக் கறுப்புப் பெட்டி செத்தால் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று அதில் இருந்தது.

ஐயா, நீங்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் வண்டி ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வெளியே வருகிற வண்டி. என் வண்டி விடிகாலை ஏ ஷிப்டுக்குப் போகிற வண்டி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சின் ஓட ஒவ்வொரு சுற்றுக்கும் சரியான நேரத்தில் ஒரு பொறி வேண்டும். பழைய வண்டிகளில் அதற்கு இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். அவை ஒன்றையொன்று தொட்டு, பிரியும். பிரிகிற நேரத்தில் பொறி. அதுதான் பாயிண்ட். தொட்டுத் தொட்டு அது கருகும், தேயும், இடைவெளி மாறும். கூடவே கண்டென்சர் என்று விரல் நுனி அளவில் ஒரு குப்பி. அது பலவீனமானால் குளிர்ந்த வண்டி கிளம்பும், சூடான வண்டி அணைத்தால் கிளம்பாது.

எங்கள் மொபெட்டுக்கு அந்த வியாதி. கரடு ஏறி இறங்கி வந்ததில் எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கும். அந்தச் சூட்டோடு ஊர்முனையில் அணைப்போம். டேங்க் அடியில் கிளம்பாது. இந்தத் தெரு இல்லாவிட்டால் அந்த வியாதி எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கம்பெனியில் நான் செய்துகொண்டிருந்த வேலையே எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி. சிடிஐ என்பார்கள். அதில் புள்ளிகள் கிடையாது. காந்தம் சுற்றிக் கடந்து போனாலே பெட்டிக்குத் தகவல் போய்விடும், பொறி வந்துவிடும். நாள் முழுக்க ஈயம் உருக்கி வயரைப் பற்ற வைத்து, மேலே ரெசின் என்ற பிசினை ஊற்றி, அந்தப் பெட்டிகளை வரிசையாக அடுக்குவேன். சால்டர் புகை தலைமுடியில் ஏறி வீடு வரை வரும்.

ஒன்றையொன்று தொடாமலே வேலை நடக்கும் என்று அப்பாவிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆணியில் தொங்கிய பாயிண்ட்

மெயின் ரோட்டு முனையில் கோபி என்பவரின் மெக்கானிக் கடை. ஊர்க்காரர். காலையில் வண்டியை அங்கே விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். கெட்டவர் இல்லை. கண்டென்சரை ஒருமுறை மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அதுவும் சோர்ந்தது. அப்போது அவரே சொன்னார், நடுவில் அணைக்காமல் ஓட்டிப் பார் என்று. எந்த நடுவில் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அணைக்காமல் இறங்கித் தள்ளிப் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நான் நடந்தேன். சத்தம் கோயிலுக்கு ஆகாது என்றார்கள் ஊர்க்காரர்கள். அதே கோயில் முன்னால் டிராக்டர் போகும். மெதுவாகத் தள்ளியதில் வண்டி பாதித் தெருவிலேயே நின்றும் போனது, ஏனென்றால் பாயிண்ட் கருகிய வண்டி மெதுவாக ஓடத் தாங்காது.

மறுநாள் மழை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. முதல் வீடு வந்தது. நான் இறங்கவில்லை.

வீரம் எதுவும் இல்லை. இறங்கினால் நிற்கும், நின்றால் கிளம்பாது, பஸ் போய்விடும், இன்னொரு நாள் வராவிட்டால் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் ஆளை மாற்றிவிடுவார். அவ்வளவுதான் மனதில் இருந்தது. ஆனால் டேங்க் தாண்டியதும் வேறு ஏதோ ஒன்று உடம்பில் ஏறியது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அது இறங்கவில்லை. பயம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

அதன் பிறகு நான் தனியாகப் போகும் நாட்களில் இறங்கவே இல்லை. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர் நாராயணப்பாவின் ரோஜா ஷெட்டில்தான் அப்பாவுக்கு வேலை. பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் பூ வெட்டிக் கட்டு கட்டுவார். மகளை இறங்கி நடக்கச் சொல் என்று அங்கே வைத்துச் சொன்னார்கள்.

கோபியிடமும் சொன்னார்கள். ஒருநாள் மாலை வண்டி சுத்தமாகக் கிளம்பவில்லை. பார்த்துவிட்டுப் பாயிண்ட் போய்விட்டது, ஸ்டாக் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் ஆணியில் புதுப் பாயிண்ட் பாக்கெட்டுகள் மாலை மாதிரி தொங்கின.

"அதோ தொங்குதே அண்ணா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கை.

"என்னிய சங்கடத்துல மாட்டி உடாதம்மா. கடை யாரோடதுன்னு உனுக்குத் தெரியாதா?"

தெரியும். கடையும் நாராயணப்பாவுடையது.

சேலத்து ஐயா, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தானே சரி செய்துகொள்ளலாம் என்கிறீர்கள். அந்தப் பாயிண்ட் இருப்பது காந்தச் சக்கரத்துக்குப் பின்னால். அந்தச் சக்கரத்தைக் கழற்றப் புல்லர் என்று ஒரு கருவி வேண்டும். எங்கள் பக்கத்தில் அது கோபி ஒருவரிடம்தான் இருந்தது. மாதம் ஒருமுறை கருகுகிற ஒரு பொருளை நம்பி நான் ஓடினால், மாதம் ஒருமுறை அந்தத் தெருவின் அனுமதியை நம்பித்தான் ஓடுகிறேன்.

அன்று கரடு ஏறி, காலனி வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் தள்ளியபோது பல வாசல்களில் முகம் மலர்ந்திருந்தது.

பேச்சியின் யோசனை

கம்பெனியில் என் பக்கத்து இருக்கையில் வேலை செய்தவள் பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்தவள். புருஷன் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பின்னால் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். மதியச் சாப்பாட்டில் நான் நடந்ததைச் சொன்னேன். அவள் ஊறுகாயை வழித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நாள் பூரா நீ என்னத்த செய்த? அந்தப் பெட்டிய ஒலகத்துக்கே செஞ்சு குடுக்க. ஒன் வண்டிக்கு மட்டும் ஆகாதாக்கும்?"

புது மாடல் மொபெட்டின் எலக்ட்ரானிக் செட் பழைய எஞ்சினில் பொருந்தும் என்று அவள் புருஷன் சொன்னார். காந்தம், காயில் என்கிற கம்பிச்சுருள் வைத்த தட்டு, பெட்டி எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். ஓசூர் கடைவீதியில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் வாங்கினோம். வண்டியை ஒரு தக்காளி டெம்போவில் ஏற்றி ஓசூருக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பேச்சி குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில், இரவல் வாங்கிய புல்லரை வைத்து நாங்கள் இருவருமே கழற்றினோம். அவள் புருஷன் கட்டிலில் உட்கார்ந்து எந்த வயர் எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். காந்தச் சக்கரம் கழன்று வந்தபோது பழைய பாயிண்ட் தெரிந்தது. கருத்து, குழி விழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து. இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

பெட்டியை மாட்டி முதல் மிதியில் கிளம்பியது. பேச்சி அணைத்தாள். கிளப்பினாள். அணைத்தாள். கிளப்பினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கவில்லை என்று சத்தம் வந்த பிறகுதான் விட்டாள்.

இனி எனக்கு அணைத்தாலும் பயமில்லை. அதாவது, இறங்கித் தள்ளினால் வண்டி கிளம்பாது என்ற சாக்கு இனி என்னிடம் இல்லை. ஓசூரிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வரும் வழியில் இது எனக்கு உறைத்தது. இறங்காமல் போனால், வேண்டும் என்றேதான் இறங்காமல் போகிறேன்.

முதல் வீடு வந்தது. வேண்டும் என்றேதான் போனேன்.

பால் சொசைட்டி வாசலில்

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாராயணப்பாவே தெரு நடுவில் நின்றார். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

அவர் கோபமாகப் பேசுகிறவர் இல்லை. கம்பெனிக்குப் போகிற பெண், உன்னை ஒன்றும் சொல்லவில்லை, கோயில் முன்னால் ஒரு முறை இருக்கிறது என்றார்.

"எறங்கி நாலு எட்டு நடந்தா கால் தேஞ்சிடுமா?"

"தேயாதுங்க. உங்க பையன் கால் மட்டும் தேயுதுங்களா?"

அவர் மகன் தினமும் அதே வழியில் மோட்டார் பைக்கில் போவான். நாராயணப்பா என் முகத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தார் என்று நினைக்கிறேன். வழியை விட்டார். ஆனால் அந்த ஞாயிறே பால் சொசைட்டி வாசலில் கூட்டம் போட்டார்கள்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் இருந்தது. எங்கள் தெருவரைக்கும் வர அதற்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது. காலனிப் பெரியவர்கள் முதலில் பேசிப் பார்க்கலாம் என்றார்கள்.

கூட்டத்தில் மிரட்டல் இல்லை. சமாதானம்தான் வைத்தார்கள். ஏரிக்கரைப் பாதையை அகலப்படுத்தி, ஜல்லி கொட்டி, காலனியிலிருந்து நேராக மெயின் ரோட்டுக்கு விட்டுவிடுகிறோம். யாரும் இறங்க வேண்டாம். கார் வாங்கினால் காரிலேயே போங்கள். எங்கள் ஆட்களில் சிலருக்கே அது பிடித்திருந்தது. அம்மா என் கையைக் கிள்ளினாள். ஒத்துக்கொள் என்று அர்த்தம்.

நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்றிருந்த அப்பா பேசினார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"அது பொணம் போற பாதைங்க சாமி. நான் போறப்ப அப்பிடித்தான் போவன். அது வரைக்கும் தெருவுலயே போறன்."

ஏரிக்கரைப் பாதை எங்கள் சுடுகாட்டுக்குப் போகிற பாதை. அதை எல்லோரும் மறந்துவிட்டதுபோல இருந்தார்கள். குரலை அவர் உயர்த்தவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு யாராலும் ஜல்லியைப் பற்றிப் பேச முடியவில்லை.

அன்றைக்கே ரோஜா ஷெட்டுக்கு வர வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள்.

என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா இரண்டு மாதம் சும்மா இருந்தார், பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா என்னோடு நெடுநாள் பேசவில்லை. அப்பா பூ வெட்டிய விரலால் புல் வெட்டுகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதாள். எனக்கும் வலித்தது. ஆனாலும் தப்பு செய்துவிட்டேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டி அத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறை செத்தது, பாகலூர் ரோட்டில், நல்ல வெயிலில். ஒரு மைல் தள்ளினேன். வண்டி கெட்டதால் தள்ளுவது எவ்வளவு சுகமான விஷயம் என்று அன்று தெரிந்தது.

டிராக்டர்

கூட்டத்துக்கு மறுநாள் காலை. வேலை இல்லாவிட்டாலும் அப்பா வழக்கமான நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். எங்கே என்றேன். மெயின் ரோடு வரைக்கும் வருகிறேன் என்றார். பின்சீட்டில் உட்கார்ந்தார்.

முதல் வீடு வந்தது. பழக்கத்தில் அவர் உடம்பு இறங்கப் பார்த்தது, சீட்டு அசைந்ததில் எனக்குத் தெரிந்தது. ஆனால் இறங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோயிலுக்கு முன்னால் டிராக்டர் நின்றிருந்தது. தெருவை அடைத்துக் குறுக்காக. ஒரு பக்கம் கோயில் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. டிரைவர் இல்லை. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். இறங்கினால், வண்டியைச் சாய்த்துச் சுவரோரமாகத் தள்ளிக் கடக்கலாம். அவ்வளவு இடம் மட்டும் கணக்காக விட்டிருந்தார்கள்.

நான் நிறுத்தினேன். ஒரு காலை ஊன்றிக்கொண்டேன். அணைக்கவில்லை. பழைய பாயிண்ட் என்றால் இந்நேரம் திணறி நின்றிருக்கும். இது நிற்கவில்லை. ஒரே தாளத்தில் ஓடியது. பனியில் அந்தச் சத்தம் தெருமுழுக்கக் கேட்டது. அப்பாவின் கை என் தோளில் கனமாக இருந்தது.

தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை. போய்விட்டது. நாங்கள் அசையவில்லை.

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு எங்களுக்குப் பின்னால் இன்னொரு ஹாரன். பால் வேன். கரட்டுப் பக்கத்து ஊர்களில் பால் எடுத்துவிட்டு, கடைசியாக இந்தத் தெருவில் எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை போகிற வேன். டிரைவர் இறங்கி வந்து டிராக்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பால் திரிந்தால் நான் பொறுப்பில்லை, யார் வண்டி இது, எடுங்கள் என்று சத்தம் போட்டார்.

யாரும் நகரவில்லை. கேன்கள் வாசல்களில் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டிலிருந்து நடுவயதுப் பெண் ஒருத்தி வந்து தன் கேனைப் பார்த்தாள், டிராக்டரைப் பார்த்தாள், உள்ளே திரும்பித் தெலுங்கில் யாரையோ வைதாள். அடுத்த வீட்டிலும் ஒரு குரல் எழுந்தது. பிறகு நாராயணப்பாவின் மகன் சாவியோடு வந்தான். எங்கள் பக்கம் பார்க்காமல் ஏறி, டிராக்டரைப் பின்னால் எடுத்தான்.

பால் வேனுக்குத்தான் வழி விட்டார்கள். ஆனால் வேனுக்கு முன்னால் நாங்கள் இருந்தோம். கோயிலைக் கடந்தேன். வேகமாகப் போகவில்லை. நடக்கிற வேகத்தில், எல்லா வாசலையும் பார்த்துக்கொண்டே போனேன்.

டேங்க் தாண்டியதும் அப்பா தோளைத் தட்டினார். இறங்கப் போகிறார் என்று நினைத்து ஓரம் கட்டினேன். அவர் இறங்கவில்லை.

"பஸ்ஸு போயிட்டுதில்ல?"

"போயிட்டுதுப்பா."

"அப்ப திருப்பு. இன்னொரு வாட்டி போயிட்டு வரலாம்."